வெள்ளிக்கிழமைக்கு எந்தக் காது?

"என் மச்சான் படகை வித்துட்டான்," என்றார் டெல்பர்ட்.

"ஐயையோ! அடக்கம் என்னிக்கு?" என்று கேட்டாள் வெர்னிஸ்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்," என்றார் அவள் கணவர் ரோலி.

ஆர்டெல் வோய்ட்டா கையிலிருந்த முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த புதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொற்கள் ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த தட்டுபோலப் பளிச்சென்று வந்து விழுந்தன. சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கும் உதவவில்லை. படகை விற்றால் எதற்கு அடக்கம்? அடக்கத்துக்கு எதற்கு எலுமிச்சம்பழம்?

தலையை நிமிர்த்தினாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், இவளுக்குப் புரிந்ததா என்று பார்க்கிறார்கள்போலும். ஆர்டெல் உதட்டை இழுத்துச் சிரித்துவைத்தாள். மேசையே குலுங்கியது. ரோலி பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கோ தொலைபேசி மணி அடித்தது. டெல்பர்ட்டின் கோட்டுப் பக்கம் இருந்துதான் வந்ததுபோல் இருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

ஆக, அது கருவிக்குள்ளேயே அடிக்கிற மணி. போச்சு, இதுவும் சரியில்லை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டாள் ஆர்டெல்.

கிவானி ஏரிக்கரையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஹருஷ்கா சப்பர் கிளப் என்கிற சாப்பாட்டுக் கடையில் வறுத்த பெர்ச் மீனும், உருளைக்கிழங்கு அடையும், கோஸ் துருவலும், ரை ரொட்டியும் வந்து இறங்கும். பிராந்தியில் கலக்கிற ஓல்டு ஃபேஷன் மது ஆளுக்கு ஒரு குவளை. ஏழாம் மேசை இவர்களுடையது. வேறு யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், பரிமாறுகிற ஜோலீன் ஒரு பார்வை பார்ப்பாள், எழுந்து போய்விடுவார்கள்.

டெல்பர்ட் ஆயுசு முழுக்க டிராக்டரிலும் பால் கறக்கும் கொட்டகையிலும் கழித்தவர். ரோலி கப்பல் கட்டும் பட்டறையில் இரும்புத் தகடு அடித்தவர். வெர்னிஸ் பட்டாணி அடைக்கும் ஆலையில், தகர டப்பாக்கள் உருளுகிற வரிசையில் நின்றவள். மூன்று பேருக்கும் வாய் ஓயாது. ஆர்டெலின் கணவர் இர்வினும் அப்படித்தான். அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

ஆர்டெலுக்கு ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போயின. பிறகு தலைக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். உள்ளே வைத்தது உள்ளேயே இருக்கும். வெளியே மாட்டுகிற ஒலிக்கருவிதான் பேச்சைப் பிடித்து உள்ளே அனுப்பும். அந்தப் பழைய கருவி இப்போது தேய்ந்து, மழைநாளில் குளறுகிறது. காப்பீட்டில் புதிதாக ஒன்று கிடைக்கும். ஒன்றே ஒன்று. எடுத்தால் அதோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

கிடைக்கக்கூடியவை இரண்டு வகை. ஒன்று காதுக்குப் பின்னால் கொக்கிபோல் தொங்குவது. இன்னொன்று கோட்டுப் பொத்தானைப்போல வட்டமாகத் தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்வது. இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்து, எதில் பேச்சு நன்றாகப் புரிகிறதோ அதைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

கடையிலும் தேவாலயத்திலும் வீட்டிலும் அவள் எப்படியோ சமாளித்துக்கொள்வாள். ஏழாம் மேசைதான் முட்டுக்கட்டை. இர்வின் இருந்தவரைக்கும் காதோரமாகக் குனிந்து, "டெல்பர்ட் சொல்றான், பசு மாடு அவனை உதைச்சுதாம்," என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். சிரிப்பு அவளுக்கு ஒரு நொடி தாமதமாக வந்தாலும், சொந்தச் சிரிப்பாக வந்தது. அவர் போனபிறகு அவள் சும்மா சிரித்தாள். எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமலே வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றி மாட்டுவாள். வெறும் வீட்டில் அந்த நேரம்தான் மிகவும் கஷ்டமாக இருக்கும்.

புதுக் கருவி வந்தும் அந்த மேசைப் பேச்சு திரும்பக் கிடைக்காவிட்டால் இனிமேல் அங்கே போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். முப்பது வருஷப் பழக்கம். ஆனாலும் எத்தனை நாள்தான் நடிப்பது?

கிரீன் பே நகரத்தில் காது சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் மீகன் அவளை ஒலி புகாத அறையில் உட்கார வைத்துச் சோதித்தாள். ஒலிபெருக்கியில் ஒரு மனிதர் வாக்கியம் சொல்லுவார். பின்னால் ஒரு கல்யாணக் கூட்டமே பேசுவதுபோல் இரைச்சல். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆர்டெல் சொன்னாள். கொக்கியைப் போட்டுக்கொண்டு சொன்னாள், பொத்தானைப் போட்டுக்கொண்டும் சொன்னாள்.

"ரெண்டுலயும் பத்துக்கு ஒன்பது வாக்கியம் சரியாச் சொல்றீங்க, மிஸஸ் வோய்ட்டா!" என்றாள் மீகன். சின்னப் பெண். சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். "என்கிட்ட வர்றவங்கள்ல நீங்கதான் முதல் ஆளு."

"உன் ரூம்ல நான் முதல் ஆளுதான், கண்ணு. மீன் சாப்பிடுற இடத்துல கடைசி ஆளு. இவன் படகுங்கிறான், அவ அடக்கம்ங்கிறா, இன்னொருத்தன் எலுமிச்சம்பழம்ங்கிறான். எல்லாம் தெளிவாக் கேக்குது. எதுவும் புரியல."

மீகன் நெற்றியைச் சுருக்கினாள். "கூட்டத்துல ஒருத்தர் பேச்சோட தலையையும் இன்னொருத்தர் பேச்சோட வாலையும் எடுத்து ஒட்டிக் கொடுக்குதோ என்னவோ."

"அப்படியெல்லாம் செய்யுமா?"

"செய்யக் கூடாது. ஆனா நீங்க சொல்றதுக்கு வேற காரணம் தோணல."

"மணி வேற அடிக்குது. உள்ளேயே."

"மணியா?"

மீகன் கணினியில் என்னவோ இறக்கினாள், ஏற்றினாள். கீச்சென்ற ஒலிகளையெல்லாம் அடக்கினாள். பொத்தான் கருவியை இனி முன்னால் இருப்பவர் பேச்சை மட்டும் பிடிக்கும்படி மாற்றினாள். "இனிமே யார் முகத்தைப் பாக்குறீங்களோ, அவங்க பேச்சுதான் கேக்கும். கலக்காது."

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பல் செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததுபோல் பிரசங்கம் கேட்டது. ஆர்டெல் பொறுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்காக எதையும் பொறுக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. யார் வாய் அசைகிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். டெல்பர்ட், ரோலி, வெர்னிஸ், மறுபடி டெல்பர்ட். மரக்கிளையில் உட்கார்ந்த ஆந்தைபோல் தலை சுற்றிச் சுற்றி வந்தது. அடை வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்படியே டெல்பர்ட் பக்கம் நின்றுவிட்டது.

டெல்பர்ட் மனைவியை இழந்தவர். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வெர்னிஸ் கணவனை முழங்கையால் இடித்தாள். "பாத்தியா, ஆர்டெல் டெல்பர்ட்டை விட்டுக் கண்ணை எடுக்கல!"

"ஆமா, இந்த வருஷம் பனி சீக்கிரமே உருகிடுச்சு," என்றார் ரோலி.

"எனக்கொண்ணும் அவசரமில்ல," என்றார் டெல்பர்ட், வெட்கத்தோடு.

பக்கத்தில் பேசியவை ஆர்டெலுக்கு முனகலாகத்தான் கேட்டன; டெல்பர்ட் சொன்னது எந்தப் பேச்சுக்குப் பதில் என்று பிடிபடவே இல்லை. கழுத்து பிடிக்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தானே கேட்டாள், அப்போதும் எப்படித் தலையும் வாலும் ஒட்டும்? சிரித்துவைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். வீடு திரும்பும்போது வண்டியைப் பின்னால் எடுக்கக்கூடக் கழுத்துத் திரும்பவில்லை.

திங்கட்கிழமை மீகன் அடக்கிய ஒலிகளையெல்லாம் திரும்ப எழுப்பிவிட்டாள். பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"இதை மேசை நடுவுல வெச்சிடுங்க. பேச்சு நேரா உங்க கருவிக்கு வந்துடும். கழுத்தைத் திருப்பவே வேண்டாம். எங்க வேணும்னாலும் பாக்கலாம்."

"மைக்கு வெச்சா மனுஷங்க மாறிடுவாங்க, கண்ணு. கோயில்ல பைபிள் வாசிக்கிற மாதிரி ஒவ்வொருத்தரா நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்க. அது எனக்கு வேண்டாம். அவங்க எப்பவும் பேசுற பேச்சுதான் எனக்கு வேணும்."

"அப்ப அவங்க கண்ணுல படாம வெச்சிடுங்க."

ஆர்டெல் அதை ரொட்டிக் கூடையில், துணிக்கு அடியில் வைத்தாள். ரை ரொட்டி நொறுங்குவது, யாரோ காய்ந்த மரத்தை வெட்டிச் சாய்ப்பதுபோல் தலைக்குள் கேட்டது. வெர்னிஸ் கூடைக்குள் கைவிட்டபோது நிலச்சரிவே வந்துவிட்டது. ஆனால் பேச்சு, கடவுளே, என்ன தெளிவு! டெல்பர்ட் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"புது டாக்டர் முட்டியை மாத்தணும்ங்கிறாரு," என்றார் ரோலி.

"எங்க வீட்லயும் அதே நிறம்தான் அடிச்சோம்," என்றாள் வெர்னிஸ்.

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததும் சொல்றேன்," என்றார் டெல்பர்ட்.

ஆர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மூவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துவைத்தாள்.

அதற்குள் ஜோலீன் வந்து காலித் தட்டுகளோடு ரொட்டிக் கூடையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆர்டெல் "ஜோலீன், அதை..." என்று பாதி எழுந்தாள். சமையலறைக் கதவு மூடிக்கொண்டது. எதற்குக் கூடை என்று கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில் சமையலறை முழுவதும் அவள் தலைக்குள் வந்து இறங்கியது. எண்ணெய் கொதித்தது. தட்டுகள் மோதின. சமையல்காரர் கேட்டார்: "ரெண்டாம் மேசைக்கு இன்னொரு பெர்ச் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அடை வேண்டாமாம், வறுவல் வேணுமாம்," என்றாள் ஜோலீன்.

"வறுவல் முடிஞ்சிடுச்சே."

"அப்ப நீயே போய்ச் சொல்லு, எனக்குத் திட்டு வாங்கத் தெம்பில்ல."

ஆர்டெலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேள்விக்குப் பதில் வந்தது. பதிலுக்குப் பொருத்தமாக அடுத்த பேச்சு வந்தது. தலையும் வாலும் ஒன்றோடொன்று சேர்ந்த, முழுசான மனுஷப் பேச்சு! ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து!

பிறகு ஜோலீனின் குரல் தணிந்து வந்தது. "ஏழாம் மேசையிலதான் என் தொண்டை கிழியுது. ஒண்ணை மூணு தரம் சொல்லணும். காதுல ஒரு சொல் ஏறாது, பாவம். எல்லாத்தையும் சிரிச்சே சமாளிக்கிறது."

"நல்ல மனசு," என்றார் சமையல்காரர்.

"மனசு தங்கம்தான். அதான் ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல."

ஆர்டெலின் கை மேசைத் துணியை இறுகப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் தன் நடிப்பு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். சமையலறைவரைக்கும் தெரிந்திருக்கிறது! இரக்கப்பட்டு ரொட்டி வைக்கிறார்கள்!

கிளம்பும்போது ஜோலீன் மைக்கைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். "ரொட்டியில கிடந்துது, தங்கம். உங்களோடதா?"

"ஆமா," என்றாள் ஆர்டெல். அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே மீகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஜோலீன் கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். மீகன் துள்ளிக் குதித்தாள். "அடுப்படிச் சத்தத்துல, சுவருக்கு அந்தப் பக்கம் பேசினது முழுசாப் புரிஞ்சுதா? அப்ப கருவி அற்புதமா வேலை செய்யுது, மிஸஸ் வோய்ட்டா!"

"செய்யுது."

"அப்ப மேசையில மட்டும் ஏன்..." என்று தொடங்கிய மீகன் மேலே பேசாமல் நிறுத்திக்கொண்டாள்.

அந்த மௌனமும் ஆர்டெலுக்குத் தெளிவாகக் கேட்டது. கருவியில் குறையில்லை என்றால் குறை வேறு எங்கே? தலைக்குள்தானே? அவளுடைய அம்மாவுக்கும் இந்த வயதில்தான் நினைவு கலங்க ஆரம்பித்தது. பேச்சைக் கோக்கத் தெரியாமல் போயிற்று. மனுஷர்கள் சரியாகத்தான் பேசுகிறார்கள்; நமக்குத்தான் பிடி நழுவுகிறது.

"வர்ற திங்கக்கிழமை எதுன்னு சொல்லிடணும். கொக்கியா, பொத்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள் மீகன்.

"எதுவா இருந்தா என்ன, கண்ணு? எடுத்தது சுலபமாத் தலையில நின்னாச் சரி."

அந்த வாரம் முழுக்க ஆர்டெல் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். முப்பது வருஷத்தை எப்படி முடிப்பது? கடிதம் போடலாம், அது கோழைத்தனம். சொல்லாமலே நின்றுவிடலாம், பயந்துபோய் வீட்டு வாசலில் மூன்று பேரும் கேக்கோடு வந்து நிற்பார்கள். நேரில்தான் சொல்ல வேண்டும். தப்பும் அவர்களுடையது இல்லை.

வெள்ளிக்கிழமை நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். இர்வினுக்குப் பிடித்த சட்டை. மீன் வந்தது, அடை வந்தது. இரண்டையும் முள்கரண்டியால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். டெல்பர்ட் ஏதோ மாட்டுத் தீவனம் பற்றிச் சொன்னார். வெர்னிஸ் தன் தங்கை ஊரில் மழை என்றாள். ரோலி, "அது அப்பவே செத்துப்போச்சு," என்றார். மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

ஆர்டெல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கரண்டியால் கண்ணாடிக் குவளையை மெல்லத் தட்டினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். பக்கத்து மேசையில் ஒரு பிறந்தநாள் கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. "அடுத்த வாரத்துலேருந்து நான் வரமாட்டேன். நீங்க பேசுறது எனக்கு ஒண்ணுமே பிடிபடல. புது மெஷின் போட்டும் பிடிபடல. இர்வின் போனதுலேருந்து நான் சும்மாதான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க. உங்களை மாதிரி மனுஷங்க எனக்கு இனிமே கிடைக்கமாட்டாங்க."

மூன்று ஜோடிக் கண்களும் அவள் முகத்திலேயே நின்றன. வெர்னிஸின் புருவம் ஏறியிருந்தது. ரோலி வாயைப் பாதி திறந்து காத்துக்கொண்டிருந்தார். அழுதுவிடுவோமோ என்று பயந்து, அழுகையை விழுங்குவதற்காக ஆர்டெல் உதட்டை இழுத்துச் சிரித்தாள்.

ரோலி மேசையை ஓங்கி அடித்தார். டெல்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெர்னிஸ் சிரித்த சிரிப்பில் பிராந்திக் குவளை சாய்ந்தது.

"இதைத்தான்டி நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்!" என்று ஆர்டெலின் கையைத் தட்டினாள் வெர்னிஸ்.

"உன்னை மாதிரி சொல்ல ஆளே இல்ல, ஆர்டெல்!" என்று குவளையை உயர்த்தினார் ரோலி.

ஆர்டெல் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. போகிறேன் என்றால் சிரிப்பா? இத்தனை வருஷத்துக்கு இதுதானா மிச்சம்? வாசல் பக்கம் கோட்டு மாட்டுகிற இடத்துக்கு வந்து, கோட்டுக்குள் கையை விட்டாள். கை போகவில்லை. இன்னொரு தடவை விட்டாள். அது வேறு யாருடைய கோட்டோ.

ஜோலீன் தட்டுகளைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். "என்ன தங்கம், முகமெல்லாம் இப்படி? யார் என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல, ஜோலீன். நான்தான் சொன்னேன். இனிமே வரமாட்டேன், நீங்க பேசுறது எனக்குப் புரியலன்னு." ஆர்டெல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நீயும் எனக்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். அன்னிக்கு நீ அடுப்படியில சொன்னது எனக்குக் கேட்டுது."

"உங்களுக்கா? உங்ககிட்ட நான் என்னிக்குக் கத்தினேன்?" ஜோலீன் திகைத்து நின்றாள். பிறகு திரும்பி ஏழாம் மேசையைப் பார்த்தாள். அங்கே சிரிப்பு நின்றுபோயிருந்தது. மூன்று பேரும் வழி தவறியவர்கள்போல் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோலீன் ஆர்டெலின் சரியான கோட்டை எடுத்தாள். ஆனால் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அந்த மூணு பேருக்கும் காது போய் எத்தனையோ வருஷமாச்சு, தங்கம்; மெஷின் வெச்சிருக்கிற உங்களுக்கு எல்லாம் கேக்கும்னு நம்பி, நீங்க எப்ப சிரிக்கிறீங்கன்னு பாத்துத்தானே இத்தனை நாளா அவங்க சிரிச்சுக்கிட்டு இருக்காங்க!"